கைபட்ட இரும்பு: பாரிஸிலும் நான்சியிலும் ஆறு நாட்கள்

முதல் நாள், புதன்கிழமை: ரிவோலித் தெரு

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரான்சில் செய்யப்பட்ட நவீன நாற்காலிகளையும் மேசைகளையும் பல ஆண்டுகளாகப் படங்களில் மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அவற்றை நேரில் காண வேண்டும், முடிந்தால் குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. என் தந்தை கோவையில் இரும்புக் கட்டிலும் நாற்காலியும் பீரோவும் செய்யும் பட்டறையை முப்பது ஆண்டுகள் நடத்தியவர். நாற்காலி எதுவானாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், பற்றவைப்பும் திருகும் பொய் சொல்லாது என்பது அவரிடம் கற்ற பாடம். ஆறு நாள் பயணம் இது. அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவதாக எண்ணியிருக்கிறேன்.

அலங்காரக் கலைகள் அருங்காட்சியகம் லூவ்ர் அரண்மனையின் ரிவோலித் தெருப் பக்கச் சிறகில் இருக்கிறது. பழைய நூற்றாண்டுகளின் அறைகளைக் கடந்து வரும்போது 1925ஆம் ஆண்டு நம்மை நிறுத்திவிடுகிறது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாரிஸில் நடந்த நவீன அலங்கார, தொழிற்கலைகளின் பன்னாட்டுக் கண்காட்சியில், அலங்காரக் கலைஞர்கள் சங்கம் 'ஒரு பிரெஞ்சுத் தூதரகம்' என்ற பெயரில் ஒரு கற்பனை மாளிகையை அமைத்தது. அந்தத் தூதருக்கென்று பியேர் ஷரோ வடிவமைத்த நூலக அறை இந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நடுவே எழுதும் மேசை, சுற்றிலும் பனை இனத்து மரத்தில் செய்த புத்தக அடுக்குகள், தலைக்கு மேலே குவிந்த விதானம், அந்த விதானத்தில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் விசிறியைப் போல விரிந்து மடங்கும் மரத் தகடுகள். பனஞ்சட்டம் போட்ட ஓட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த மரத்தின் கரிய நார்க்கோடுகளைக் கண்டதும் ஒரு கணம் நின்றுதான் நகர முடியும். நம் ஊரில் கூரைக்கு அடியில் மறைந்துபோகும் நாரை ஷரோ வழவழப்பாக இழைத்துக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

இந்தக் காலத்து அறைகலன்களில் இரண்டு நம்பிக்கைகள் மோதிக்கொண்டன என்பதை இங்கே பார்க்கலாம். ழாக்-எமில் ரூல்மான் மக்காசர் கருங்காலியில் தந்தப் பதிப்பு வேலை செய்தவர். புதியதைச் செல்வந்தர்களே முதலில் ஏற்பார்கள், மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்று வெளிப்படையாகவே நம்பியவர். அதே 1925 கண்காட்சியில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அமைத்த 'புதிய உணர்வு' மண்டபத்திலோ தோனே நிறுவனம் ஆயிரக்கணக்கில் விற்றுவந்த வளைத்த மர நாற்காலிகளும் கடையில் வாங்கிய தோல் இருக்கைகளும் போடப்பட்டிருந்தன. நல்ல நாற்காலி ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது, அதை ஏன் அலங்கரிக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

மோதல் பிளவில் முடிந்தது. அலங்காரக் கலைஞர்கள் சங்கத்தின் காட்சிக்கூடத்தில் ஒரே குழுவாகத் தங்கள் வேலைகளை வைக்க வழி கிடைக்காத இளையவர்கள் 1929இல் வெளியேறி, நவீனக் கலைஞர்கள் ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் ரொபேர் மல்லே-ஸ்டீவன்ஸ், ரெனே எர்ப்ஸ்ட், பிரான்சிஸ் ழூர்தேன், நெசவுக் கலைஞர் எலேன் ஆன்ரி, ஷார்லோத் பெரியான், ஐலீன் கிரே, ழான் புரூவே என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவர்களின் முதல் கண்காட்சி 1930இல் நடந்ததும் இதே கட்டடத்தில்தான். நான் இன்று நின்ற தரையில் அன்று எஃகுக் குழாய்களும் ரப்பரும் கண்ணாடியும் அணிவகுத்து நின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் குறித்துவைக்க வேண்டும். மரம் ஒரு துண்டுகூட இல்லாத பொருளையும் நாம் மரச்சாமான் என்றே சொல்கிறோம். பிரெஞ்சில் அறைகலனுக்கான சொல்லுக்கு 'நகர்த்தக்கூடியது' என்று பொருள். லெ கொர்புசியேயும் அவர் குழுவும் அந்தச் சொல்லையும் ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்துகிற 'சாதனம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அடுக்கு, இருக்கை, மேசை ஆகிய மூன்று வகை போதும், வீடு அதோடு முடிந்தது என்பது அவர்கள் கணக்கு.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை: கண்ணாடி வீடு

காலையில் சேன் நதியின் தென்கரையில் போனபார்த் தெருவில் 21ஆம் எண் வாசலில் சற்று நின்றேன். அயர்லாந்தில் 1878இல் பிறந்த ஐலீன் கிரே தம் வாழ்வின் பெரும்பகுதியை இந்த முகவரியில் கழித்து 1976இல் மறைந்தார். ஜப்பானிலிருந்து வந்த செய்சோ சுகவாரா என்னும் கைவினைஞரிடம் அரக்குப் பூச்சுக் கலையைக் கற்றவர் அவர். ஒரு பூச்சுக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஒவ்வொன்றையும் தேய்த்து மெருகேற்றிய பின்பே அதற்கடுத்தது. நாள்கணக்கை மாதக்கணக்காக்கும் அந்தப் பொறுமையைக் கற்ற அதே பெண், 1920களின் நடுவில் எஃகுக் குழாய்க்கு மாறினார். மத்தியதரைக் கடலோரம் ரோக்புரூன்-காப்-மார்த்தேனில் 1926 முதல் 1929 வரை அவர் கட்டிய 'ஈ-1027' என்ற வீட்டுக்குச் செய்த வட்டக் கண்ணாடி மேசையின் பலகையை ஏற்றலாம், இறக்கலாம். அதன் அடிவளையம் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, பலகை படுத்திருப்பவரின் மடிக்கு மேல் வந்து நிற்கும். கப்பல் தளத்தில் போடும் சாய்நாற்காலியைக் கொண்டு அவர் செய்த 'திரான்சாத்' இருக்கையும் இந்த வீட்டுக் காலத்தது. நம் திண்ணைகளில் கிடந்த துணி ஈசிசேரை அறிந்தவர்களுக்கு அதன் தொங்கும் இருக்கை அன்னியமாக இராது. ஆனால் அரக்குப் பூசிய அதன் சட்டங்கள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் உலோக இணைப்பை ஒளிக்காமல் காட்டியிருப்பது கிரேயின் கை.

அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் சேன்-கியோம் தெரு. 31ஆம் எண் வாயிலுக்குள் நுழைந்தால் உள்முற்றம். அதன் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிக் கட்டிகளால் ஆன சுவர். முன்பதிவு செய்து, பெரும்பாலும் கட்டடக்கலை சார்ந்தவர்களுக்கே கிடைக்கும் அனுமதி இது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. படம் எடுக்க முடியாதது நன்மையாகவே ஆயிற்று. கையில் கருவி இல்லாததால் கண் வேலை செய்தது.

மகப்பேறு மருத்துவர் ழான் தல்சாஸும் அவர் மனைவி ஆன்னியும் 1928இல் இங்கே வீடு கட்டத் தொடங்கியபோது, மேல்தளத்தில் குடியிருந்த மூதாட்டி காலி செய்ய மறுத்துவிட்டார். ஆகவே ஷரோவும் டச்சுக் கட்டடக் கலைஞர் பெர்னார்ட் பைவூட்டும் மேல்தளத்தை அப்படியே எஃகுத் தூண்களில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்த பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் மூன்று தளங்களைச் செருகினார்கள். 1932இல் வேலை முடிந்தது. கீழே மருத்துவமனை, நடுவில் இரட்டை உயர வரவேற்புக்கூடம், மேலே படுக்கையறைகள். அந்த வலுக்கட்டாயத் தூண்கள் இன்றும் கூடத்தின் நடுவே நிற்கின்றன. ஆணித்தலைகள் தெரிய, துருத்தடுப்புச் செம்பூச்சும் கறுப்பும் பூசி, சில முகங்களில் மட்டும் கற்பலகை பதித்திருக்கிறார்கள். மறைக்க எவரும் முயலவில்லை.

இந்த வீட்டில் அறைகலன் எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை என்பதுதான் நான் இங்கே கண்ட பெரிய செய்தி. புத்தக அடுக்கே மாடியின் கைப்பிடிச் சுவராக இருக்கிறது. துளையிட்ட உலோகத் தட்டி சுழன்று படிக்கட்டை மூடுகிறது. ஆன்னியின் சிற்றறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும் ஏணிப்படி வேண்டாதபோது மேலே மடங்கிவிடுகிறது. அலுமினியக் கலவையான துராலுமினில் செய்த உடையலமாரிகள் சுவராகவே நிற்கின்றன. காற்றுக்காகச் சாளரங்களைத் திறக்க வேண்டுமானால் ஒரு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கம்பிகளும் நெம்புகோல்களும் நகர்ந்து, சாளரங்கள் வரிசையாகத் தாழ்கின்றன.

இவை எல்லாம் தொழிற்சாலையில் அச்சில் வார்த்தவை போலத் தோன்றுகின்றன. அப்படி எதுவும் நடக்கவில்லை. லூயி தல்பே என்ற உலோகக் கைவினைஞர் ஒவ்வொன்றையும் இந்த வீட்டுக்கென்றே, இந்த அளவுக்கென்றே, பெரும்பாலும் இங்கேயே வைத்துப் பொருத்திச் செய்தார். ஷரோவின் மனத்தில் ஒரு யோசனை தோன்றும், தல்பே அதை இரும்பில் செய்து காட்டுவார், இருவரும் பார்த்துத் திருத்துவார்கள். வரைபடத்தை விடக் கைதான் முன்னால் போயிருக்கிறது. பட்டறையில் அப்பாவும் வாடிக்கையாளரும் ஒரு சட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய மாலைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. வீட்டின் முகப்பில் ஷரோ, பைவூட் பெயர்களோடு தல்பேயின் பெயரும் 'இரும்பு வேலை' என்ற குறிப்போடு பொறிக்கப்பட்டிருக்கிறது. கொல்லனின் பெயர் கட்டடக் கலைஞரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் வீடுகள் உலகில் எத்தனை இருக்கும்?

ஷரோ 1940இல் நியூயார்க் போனார்; 1950இல் அமெரிக்காவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் அலபாஸ்டர் என்ற வெண்ணிற மென்கல் தகடுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கிச் செய்த 'கன்னித்துறவி' விளக்கு இன்று ஏலத்துக்கு வரும்போதெல்லாம் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை: பதினாறாம் வட்டாரம்

இன்று மழை. மல்லே-ஸ்டீவன்ஸ் தம் பெயரிலேயே அமைத்து 1927இல் திறந்த சிறு தெருவைக் குடையோடு நடந்து முடித்துவிட்டு, பக்கத்திலேயே மருத்துவர் பிளான்ஷ் சதுக்கத்தில் இருக்கும் லா ரோஷ் வீட்டுக்குப் போனேன். சுவிஸ் வங்கியாளரும் ஓவியச் சேகரிப்பாளருமான ரவூல் லா ரோஷுக்காக லெ கொர்புசியேயும் அவர் உறவினர் பியேர் ழானரேயும் 1923 முதல் 1925 வரை கட்டிய வீடு இது. வளைந்த ஓவியக்கூடத்தின் சுவரையொட்டிச் சாய்தளம் மேலேறுகிறது. 1928இல் இந்தக் கூடத்தைச் சீரமைத்தபோது ஷார்லோத் பெரியானும் அதில் பங்கெடுத்தார்.

பெரியான் 1903இல் பிறந்தவர். 1927ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் நிக்கல் பூசிய செம்பும் அலுமினியமும் கொண்டு 'கூரைக்கடியில் ஒரு மதுக்கூடம்' என்ற அறையை வைத்தபோது அவருக்கு 24 வயது. அதற்கு முன்பு லெ கொர்புசியேயிடம் வேலை கேட்டுப் போனபோது, இங்கே மெத்தைகளில் பூவேலை செய்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அறையைப் பார்த்த பிறகு அவரே அழைத்துக்கொண்டார். சாய்மஞ்சமும், கனசதுரமான 'பெருஞ்சுக' இருக்கையும், முதுகு அசையும் நாற்காலியும் இந்த மூவர் கூட்டில் 1928இல் உருவாகி, 1929 இலையுதிர்காலக் கண்காட்சியில் தோனேயின் தயாரிப்பாக மக்கள் முன் வந்தன.

நெடுங்காலம் இவை லெ கொர்புசியே பெயரில் மட்டுமே விற்கப்பட்டன. அது அநியாயம் என்று நான் கருதுகிறேன். வீட்டின் உட்சாதனங்களைப் பொறுப்பேற்று, முழு அளவு மாதிரிகளைக் கைவினைஞர்களோடு நின்று செய்துபார்த்தவர் பெரியான். சாய்மஞ்சத்தைப் பாருங்கள்: மேலே உடலைத் தாங்கும் வில்லாக வளைந்த குழாய், கீழே கறுப்புப் பூசிய தனிப் பீடம், இரண்டுக்கும் நடுவே ஒரு திருகோ பூட்டோ கிடையாது. குறுக்குத் தண்டுகளில் சுற்றிய ரப்பரின் பிடிப்பில் மட்டுமே வில் நிற்கிறது. தூக்கி நகர்த்தினால் சாய்வு மாறுகிறது. இவ்வளவு எளிய தீர்வு மேசையில் அமர்ந்து வரைவதால் மட்டும் வராது. பலமுறை படுத்து, எழுந்து, நகர்த்திப் பார்த்த உடலிலிருந்துதான் வரும்.

நான்காம் நாள், சனிக்கிழமை: சேன்-துவான் பழம்பொருள் சந்தை

நான்காம் எண் மெட்ரோவில் ஏறிக் கிளின்யாங்கூர் நுழைவாயிலில் இறங்கி, மலிவுத் துணிக்கடைகளையும் மேம்பாலத்தையும் தாண்டினால் சந்தை தொடங்குகிறது. வெர்னெசோன், பிரோன், தோஃபீன் என்று பல சந்தைகள் சேர்ந்த ஊர் போன்ற இடம் அது. இருபதாம் நூற்றாண்டு அறைகலன்களுக்குப் போல் பேர், செர்பெத் என்ற இரண்டு பகுதிகள் பெயர் பெற்றவை. காலை முழுவதும் அங்கேயே கழிந்தது.

ஒரு கடையில் எர்ப்ஸ்டின் 'சாண்டோ' நாற்காலி இருந்தது. தமிழர்களுக்குச் சாண்டோ என்றால் சின்னப்பா தேவர் நினைவு வரும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த பெயர்கள்: பிரஷ்யாவில் பிறந்து உலகம் சுற்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து போன பயில்வான் யூஜின் சாண்டோ. அவர் பரப்பிய உடற்பயிற்சிக் கருவியின் இழுபடும் ரப்பர்க் கயிற்றுக்குப் பிரெஞ்சில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. எர்ப்ஸ்ட் 1928-29இல் அந்தக் கயிறுகளை எஃகுக் குழாய்ச் சட்டத்தில் வரிசையாகக் கொக்கியிட்டு இழுத்துக் கட்டி, இருக்கையும் முதுகும் ஆக்கினார். மெத்தையில்லை, பிரம்பில்லை, அமர்பவரின் எடைக்கேற்பக் கயிறு தானே விட்டுக்கொடுக்கும். ஒயர் பின்னிய இரும்பு நாற்காலிகளில் வளர்ந்த நமக்கு அதன் நியாயம் சொல்லாமலே விளங்கும். கால்கள் நான்காக நிற்காமல் தரையில் சறுக்குக் கட்டையாகப் படிந்திருக்கும் இந்த இருக்கையை 'நாற்காலி' என்று எழுதும்போது மட்டும் கை சற்றுத் தயங்குகிறது.

கடைக்காரர் அறுபதைக் கடந்த பெண்மணி. நான் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, தாமே நாற்காலியைக் கவிழ்த்து ஓர் விளக்கையும் கொண்டுவந்து பிடித்தார். அடுத்த ஒரு மணி நேரம் நான் கேட்டதும் அவர் சொன்னதும் எங்கள் பட்டறைப் பேச்சாகவே இருந்தன. 1920களின் இறுதி வரை பெரும்பாலும் நிக்கல் முலாம்தான்; அதன் வெண்மையில் ஒரு மெல்லிய மஞ்சள் வெதுவெதுப்பு இருக்கும். பின்னர் பரவிய குரோமிய முலாம் நீலம் பாய்ந்த குளிர்ந்த பளபளப்பு உடையது. தேய்ந்த நிக்கலைப் பார்த்து மனம் பொறுக்காமல் எவரேனும் புது முலாம் பூசிவிட்டால், துருவோடு சேர்த்து நாற்காலியின் வயதும் மதிப்பும் போய்விடும். திருகின் தலையில் ஒற்றைக் கோடு இருக்க வேண்டும். கூட்டல் குறித் தலைத் திருகுகள் 1930களின் நடுவில்தான் அமெரிக்காவில் வந்தன, ஆகவே 1929 என்று சொல்லும் பொருளில் அவை இருந்தால் குறைந்தது அந்தத் திருகாவது பின்னால் வந்தது. குழாயின் வளைவில் உட்புறம் லேசாக நசுங்கியிருந்தால் அஞ்ச வேண்டாம்; மணல் நிரப்பிக் கையால் வளைத்ததற்கான அடையாளம் அது. எல்லா வளைவும் பிசிறில்லாமல் ஒரே அளவில் இருந்தால்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

ரப்பர்க் கயிறுகளைப் பற்றிக் கேட்டேன். ரப்பர் நெடுங்காலம் வாழ்வதில்லை. காய்ந்து, வெடித்து, இழுவை இழந்துவிடும். பழைய கயிறோடு இருக்கும் நாற்காலியில் உட்கார முடியாது, புதுக் கயிறு கட்டிய நாற்காலி முழுமையான பழம்பொருள் இல்லை. அவர் வைத்திருந்ததில் சட்டம் பழையது, கயிறு புதியது. அதை விலைச்சீட்டிலேயே எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. விலை என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல்.

இந்த இடத்தில் விலையைப் பற்றி எழுதியாக வேண்டும். சாய்மஞ்சத்தைத் தோனே பட்டியலில் போட்டும் வாங்கியவர்கள் சிலரே. குழாய்களை மலிவாகச் செய்துதர மிதிவண்டி செய்த பியூஜோ நிறுவனத்தை அணுகியும் பலன் இல்லை. குழாயை வளைக்கவும் பற்றவைக்கவும் முலாமிடவும் தேய்க்கவும் கூலி ஏறி, எல்லோருக்குமென எண்ணிய பொருள் வழக்கறிஞர், மருத்துவர், வங்கியாளர் வீடுகளுக்கே போயிற்று. அவற்றில் பல பின்னால் பழைய இரும்பாகவும் போயிருக்கும். எஞ்சியவை குறைவு. 1959 முதல் சூரிச்சில் ஹைடி வேபரும், 1965 முதல் இத்தாலியின் கசீனா நிறுவனமும் செய்த மறுபதிப்புகள் ஆயிரக்கணக்கில் அலுவலகக் கூடங்களை நிரப்பிய பிறகு, அந்த முதல் சிலவற்றைத் தேடும் பசி இன்னும் கூடியது. கசீனாவின் பொருள்களில் கையொப்பமும் எண்ணும் பொறித்திருக்கும். 1929இன் தோனே பொருளை அறிய அந்த வசதி இல்லை, கண்தான் வேண்டும்.

ஐலீன் கிரேயின் கதை இதைவிடக் கூர்மையானது. அவர் நடத்திய கடை 1930இல் மூடப்பட்டது. அதற்குப் பின் பல ஆண்டுகள் அவரை எவரும் நினைக்கவில்லை. ழாக் தூசேயின் சேகரிப்பு 1972இல் ஏலத்துக்கு வந்தபோது அவருடைய 'விதி' என்ற அரக்குத் தட்டி விற்ற விலையைக் கேட்டுத்தான், அவர் இன்னும் உயிரோடு போனபார்த் தெருவில் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரிந்தது. 2009 பிப்ரவரியில் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சேன் லோரானின் சேகரிப்பு ஏலத்தில் அவருடைய 'டிராகன்' இருக்கை 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது.

கடையை விட்டுக் கிளம்பும்போது, இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் அந்தப் பெண்மணி சொன்ன ஒரே சொல் 'இந்தோர்'. யஷ்வந்த் ராவ் ஹோல்கர் என்ற இளம் மகாராஜா 1930களின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியுஸைக் கொண்டு கட்டிய மாணிக் பாக் மாளிகைக்கு ரூல்மானின் மேசையும், கிரேயின் திரான்சாத்தும், பெரியான் குழுவின் சாய்மஞ்சமும், லூயி சொன்யோவும் ஷார்லோத் அலிக்ஸும் செய்த உலோகமும் கண்ணாடியும் கலந்த கட்டிலும் கப்பலேறி வந்தன. பிரான்சிலேயே ஒரே கூரையின் கீழ் அப்படி ஒரு தேர்வு அரிது. 1980இல் மொனாக்கோவில் அவை ஏலம் போயின. மாளிகையில் பின்னர் மத்திய அரசின் கலால் அலுவலகம் இயங்கியது. 2019இல் ரிவோலித் தெரு அருங்காட்சியகம் அந்த மகாராஜாவுக்காகத் தனிக் கண்காட்சியே நடத்தியபோது, உலகெங்கும் சிதறியவற்றில் ஒரு பகுதியை மீண்டும் கூட்டி வைத்தது. நம் நாட்டுக்குள் வந்துவிட்டு வெளியே போனவற்றைப் பார்க்க நாம் பாரிஸுக்கு வர வேண்டியிருப்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. அன்று நம் அருங்காட்சியகங்களில் ஒன்றாவது அந்தக் கட்டிலை மட்டுமேனும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: க்ருவா

வடக்கு ரயில் நிலையத்திலிருந்து லீலுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ரூபே செல்லும் டிராமில் ஏறினால், க்ருவா என்ற ஊரில் கவ்ருவா மாளிகையின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. நெசவாலை முதலாளி போல் கவ்ருவாவுக்காக மல்லே-ஸ்டீவன்ஸ் 1929 முதல் 1932 வரை கட்டிய, 60 மீட்டர் நீள முகப்புக் கொண்ட மஞ்சள் செங்கல் மாளிகை. கட்டடம், தோட்டம், விளக்கு, கடிகாரம், கட்டில் எல்லாம் ஒரே கையின் தீர்மானம்.

உணவறையில் பச்சைச் சலவைக்கல், புகைபிடிக்கும் அறையில் மஹோகனி, மனைவியின் சிற்றறையில் வெளிறிய சிக்கமோர் மரம் என்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொருள். சமையலறைக்கு வந்தால் வெள்ளைப் பூச்சு உலோகம் மட்டுமே. அன்றைய நவீனத்துக்குள்ளும் முதலாளி அமரும் அறைக்கு மரம், வேலையாள் நிற்கும் அறைக்கு இரும்பு என்ற பாகுபாடு இருந்ததை இந்த மாளிகை மறைக்கவில்லை.

திருமதி கவ்ருவா 1985இல் காலமான பிறகு மாளிகை கைமாறி, காவலின்றிக் கிடந்து சூறையாடப்பட்டது. அறைகலன்கள் விற்பனையில் சிதறின. 1990இல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2001இல் அரசு வாங்கி, நெடிய சீரமைப்புக்குப் பின் 2015 ஜூனில் திறக்கப்பட்டது. சிதறிய மேசையும் கட்டிலும் சந்தைக்கு வரும்போது ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறார்கள். ஓர் அறையை மட்டும் சீரமைக்காமல், பெயர்ந்த சுவரோடு விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே நான் அதிக நேரம் நின்றேன். சேன்-துவானில் விளக்கொளியில் மின்னும் நாற்காலி ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட ஓர் அறையைக் காலியாக்கிவிட்டு வந்ததாக இருக்கலாம் என்ற எண்ணம் நேற்றைய மகிழ்ச்சியை ஓரளவு குறைத்தது.

மல்லே-ஸ்டீவன்ஸ் தம் மறைவுக்குப் பின் தம் ஆவணங்களை அழித்துவிடச் சொல்லிச் சென்றவர். அதனால் அவர் பெயரில் விற்கும் அடுக்கு நாற்காலிகளில் எது அவர் கையது என்பதைச் சொல்ல, இந்த மாளிகையின் பழைய புகைப்படங்களே பெரும் துணை.

ஆறாம் நாள், திங்கட்கிழமை: நான்சி

கிழக்கு நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நான்சி. ஸ்தானிஸ்லாஸ் சதுக்கத்தின் பொன்பூசிய இரும்பு வாயில்களைப் பார்த்தால், இந்த ஊர் இரும்பை எப்படி நேசித்தது என்று தெரியும். இங்கே வளர்ந்த ழான் புரூவே, ஓவியர் விக்தோர் புரூவேயின் மகன். கொல்லுப்பட்டறையில் பழகியவர். 1924இல் சொந்தப் பட்டறை வைத்தவர். பாரிஸின் நண்பர்கள் குழாயை வளைத்துக்கொண்டிருந்தபோது, இவர் தகட்டை மடித்தார். மெல்லிய தகடு மடித்தால் பெட்டியாகும், பெட்டி தாங்கும் என்பது அவர் கண்டது. பீரோ செய்யும் எவருக்கும் தெரிந்த உண்மைதான் அது.

சதுக்கத்திலேயே இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருக்கென ஒரு கூடம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் நான்சி மாணவர் விடுதிக்காகச் செய்த சாய்விருக்கையில், மடித்த தகட்டுச் சட்டங்களுக்கு நடுவே துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கைவைக்கும் இடத்தில் தோல் வார், ஆலைகளில் சக்கரங்களை ஓட்டும் பட்டையைப் போல. மாணவன் முதுகைச் சாய்த்துப் படிப்பதற்கென்று செய்தது இது. எவருக்காகச் செய்தார்களோ அவர்களிடமே போய்ச் சேர்ந்த அறைகலன் இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றில் இதுதான்.

பிறகு 1934இன் நாற்காலி. மனிதர்கள் உட்காரும்போது எடை பின்கால்களில்தான், அதுவும் இருக்கை காலோடு சேரும் இடத்தில்தான் இறங்குகிறது. பள்ளிக்கூட நாற்காலிகள் உடைவதும் அங்கேதான். ஆகவே முன்கால்களுக்கு மெல்லிய குழாயே போதும் என்று விட்டுவிட்டு, பின்கால்களை மட்டும் மடித்த தகட்டால் உள்ளீடற்ற பெட்டியாக்கி, அந்தச் சேரும் இடத்தில் அகலமாகவும் மேலும் கீழும் ஒடுங்குவதாகவும் செய்தார். பக்கவாட்டில் பார்த்தால் விமானத்தின் இறக்கை. அழகுக்காக ஒரு கோடும் இல்லை. ஆனால் நான் இந்த ஆறு நாளில் பார்த்தவற்றில் இதைவிட அழகான கால் இல்லை.

தரையில் ஒரு காலை மடக்கி அமர்ந்து, கீழிருந்து அந்தப் பின்காலின் குறுக்குவெட்டைக் குறிப்பேட்டில் வரைந்தேன். காவலர் வந்து பார்த்தார். வரைவதைக் கண்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். மடிப்பின் விளிம்பில், பூச்சுக்கு அடியில், பற்றவைத்துத் தேய்த்த தடம் மெல்லிய மேடாக நெடுகிலும் ஓடியது. கையால் தேய்த்தது, ஓரிடத்தில் அழுத்தம் குறைந்திருக்கிறது.

வெளியே வந்து சதுக்கத்துக் கல் படியில் உட்கார்ந்து, அந்த வரைபடத்தைக் கோவைக்கு அனுப்பினேன். சில நிமிடங்களில் அப்பா அழைத்தார்.

"நல்லா யோசிச்சுச் செஞ்சிருக்காரும்மா. முன்காலுக்குத் தகடு வீணாக்கல பாரு. பின்கால் எத்தனை கேஜ் தகடு?"

அட்டையில் எழுதியிருக்கவில்லை என்றேன்.

"விளிம்பைப் பாத்திருக்கலாமே. ரயிலுக்கு நேரம் இருக்குதா?"

ஒன்றரை மணி நேரம் இருந்தது. மீண்டும் உள்ளே போனேன்.